இருக்கும் வேலையும் தேடும் வேலையும்



பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்த தமிழருள், முதலில் அமர்ந்த நாற்காலியிலேயே ஓய்வு பெறும் நாள்வரை இருந்தவர் உண்டு. பலர் அப்படியல்லர். இங்கே மூன்றாண்டு, அங்கே ஐந்தாண்டு என்று மாறி மாறியே மேலே வந்திருக்கிறார்கள். மாறுவதில் குற்றமில்லை. ஆனால், வேறு வேலை தேடத் தொடங்கும் நாளுக்கும் அது கைக்கு வரும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் கிடக்கின்றனவே, அவற்றில்தான் சங்கடம்.

உடல் அலுவலகத்தை விட்டுப் போவதற்கு முன்பே மனம் போய்விடுகிறது. நேர்முகத் தேர்வுக்கு ஓர் அழைப்பு வந்தால் போதும்; வராத சம்பளத்தில் வாடகையைக் கழித்து, தங்கையின் கல்யாணத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். எதிரே இருக்கும் கோப்பு நாளைக்கு என்று ஒதுங்குகிறது. கைப்பேசி அதிரும்போதெல்லாம் மாடிப்படிக்கு ஓட்டம். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இருந்த இடத்திலேயே உரக்கப் பேசுகிறவரும் உண்டு. 'இன்டர்வியூ' என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை!

சொந்த ஊரில் வேலை போனால் அண்ணன் வீட்டுத் திண்ணையாவது மிஞ்சும். இங்கே அடுத்த மாத வாடகையும், குழந்தையின் பள்ளிக் கட்டணமும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகையும் அந்த ஒரு சம்பளத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அன்றியும், புதிய இடத்தார் நம்மைப் பற்றிப் பழைய இடத்தில் விசாரிப்பதும் உண்டு. அப்போது நினைவுக்கு வருவது நாம் செய்த பத்தாண்டு வேலையல்ல. கடைசி மூன்று மாத வேலைதான்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1907-ஆம் ஆண்டு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அவர் வேறு உத்தியோகம் தேடி அலைந்தார் என்று சொல்ல முடியாது. ஆயினும் மனம் இருந்தது பௌதிகத்தில். பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் காலையில் அலுவலகத்துக்கு முன்னும், மாலையில் அலுவலகம் விட்ட பின்னும் உழைத்தார். இடையே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல்கள் வந்தன. இப்படிப் பத்தாண்டு! 1917-இல், குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லையென்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றார். நமக்கு அவருடைய மேதை இல்லாமல் இருக்கலாம். கணக்குக்கு ஒரு நேரம், ஆராய்ச்சிக்கு ஒரு நேரம் என்று அவர் வகுத்த வரம்பை நாமும் வகுத்துக்கொள்ளலாம்.

மனுக்களை வீட்டில், இரவு உணவுக்குப் பின் எழுதுவது நல்லது. அலுவலகக் கணிப்பொறியும் காகிதமும் அதற்கானவையல்ல. நேர்முகத் தேர்வுக்குப் போக முறைப்படி ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும். இல்லாத காய்ச்சலை வரவழைத்தால் மறுநாள் இருமிக் காட்டவும் வேண்டியிருக்கும். அரசுப் பணியாளர் மற்றோர் அரசுப் பதவிக்கு மனுச் செய்தால், அதைத் தம் துறை வழியாக அனுப்புவதே முறை. தடையின்மைச் சான்றுக்குக் கடைசி வாரத்தில் அலைய வேண்டாம்.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர் நியமன உத்தரவை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று பார்த்துக்கொள்ளட்டும். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர்ந்த சேவை வேண்டும். அதற்குச் சில மாதமே குறைவென்றால், புதிய சம்பளத்தோடு அதையும் தராசில் வைக்க வேண்டும். சேமநிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நியமன உத்தரவு எழுத்தில் வரும்வரை ராஜினாமாவைப் பற்றி மூச்சு விட வேண்டாம். வந்துவிட்டால் முதலில் மேலதிகாரியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். மும்பை மாதுங்காவிலோ தில்லி கரோல்பாக்கிலோ காய்கறி வாங்கும் இடத்தில் நம்மவர் யாரிடமாவது சொல்லி வைத்தால், திங்கட்கிழமை காலை நாம் போய்ச் சேருமுன் செய்தி அலுவலகத்துக்குப் போய்விடும்.