வீட்டு அலுவலகக் கம்ப்யூட்டர்: முதலில் ஸ்பெசிபிகேஷன், பிறகு கொட்டேஷன்

(நாக்பூரில் நம் அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. மற்ற ஊர் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதிக் கொடுத்தது.)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச எழுபது வயது தாண்டிய ஒருவனை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கலாம். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவன். அதில் பல வருஷம் கொள்முதல் பிரிவில் கழிந்தது. அங்கே கற்ற பாடம் ஒன்றுதான். ஸ்பெசிபிகேஷனை நாம் எழுதாவிட்டால், கடைக்காரர் எழுதிவிடுவார். ரிட்டயர் ஆன பிறகு நம் அங்கத்தினர்கள் சிலருடன் சீதாபர்டிக் கடைகளுக்குத் துணையாகப் போய்வந்ததில் அந்தப் பாடம் இன்னும் உறுதிப்பட்டது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, பல பழைய மிஷின்களில் முறைப்படி ஏறாது. ஆகவே நம்மில் நிறையப் பேர் புதிதாக வாங்கியாக வேண்டிய நிலையில் இருக்கிறோம். வங்கிக் கணக்கு, வருமான வரி, பென்ஷன் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தான் நடக்கிறது. சங்கத்தின் பொருளாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நம் எல்லோருடைய விலாசமும் டெலிபோன் நம்பரும் இருக்கும். ஆகவே இது பொம்மை வாங்கும் சமாசாரம் இல்லை. வாழ்நாள் சேமிப்புக்குப் பூட்டு வாங்குகிற மாதிரி.

நான் சொல்ல வந்தது சுருக்கமாக இதுதான். கடையில் பெருமையாகக் காட்டுகிற சாமான் ஒன்று; நமக்குத் தினமும் உபயோகப்படுகிற சாமான் வேறு. முதலாவதில் பணத்தை மிச்சம் பிடித்து இரண்டாவதில் போடுங்கள்.

கோத்திரமும் பிறந்த வருஷமும்

முதலில் பிராசஸர். "சார், இது ஐ7, டாப் மாடல், உங்களுக்காகப் பாதி விலை" என்பார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் கோத்திரம் மாதிரி. கோத்திரத்தைச் சொன்னால் வயது தெரியுமா? வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-3770 என்றால் முதலில் உள்ள 3, மூன்றாம் தலைமுறை. அது 2012-இல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டுக்கும் நான்கு கோர்தான். ஆனால் வேகத்தில் அந்த ஐ7 இந்த ஐ3-க்குப் பக்கத்தில்கூட வராது. அந்த ஐ7-ஐ விண்டோஸ் 11 ஏற்கவும் ஏற்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும்.

கடிதம், கணக்கு, இன்டர்நெட், வீடியோவில் பேத்தியோடு பேசுவது, இளைஞர்களுக்கு ஆபீஸ் மீட்டிங் இவற்றுக்கெல்லாம் ஐ3 தாராளம். 12100, 13100, 14100 மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. எது மலிவோ அதை வாங்கலாம். போர்டு எச்610 வகை போதும். ஆனால் பழைய ஸ்டாக் போர்டில் புதிய பிராசஸர் வேலை செய்ய பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்து, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி நல்ல தேர்வு.

இங்கே ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி அதில் கிடையாது; தனி கார்டு வாங்க வேண்டும். ரைசனில் 5600ஜி படம் காட்டும், வெறும் 5600 காட்டாது. எஃப் விலை குறைவு என்று வாங்கி, பிறகு கார்டுக்குச் செலவழிப்பது வேண்டாத வேலை. நமக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே அவசியமில்லை. அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

ராமும் எஸ்எஸ்டியும்

ராம் 8 ஜிபி இருந்தால் காலம் தள்ளலாம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை மிகவும் ஏறியது. செயற்கை அறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்களுக்குச் சிப்புகள் போனது முக்கிய காரணம். கை கடித்தால் இப்போது ஒரு 8 ஜிபி போட்டுவிட்டு, போர்டில் இன்னொரு இடம் காலியாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் ஒரே 16-க்குப் பதில் இரண்டு எட்டாக வாங்குங்கள். தனி கார்டு இல்லாதபோது கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு வழியாகப் போய்வந்தால் அதற்குச் சௌகரியம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. போர்டு எதைக் கேட்கிறதோ அதை வாங்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் பௌதிகம் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது செகண்டுக்கு 120 சுற்று சுற்றுகிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அது சுமார் 4 மில்லி செகண்ட். கை நகர்ந்து அந்த வட்டத்துக்குப் போக இன்னொரு 8, 9 மில்லி செகண்ட். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். சுமார் நூறு மடங்கு வித்தியாசம். விண்டோஸ் கிளம்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான தடவை தேடுகிறது. ஆகவே 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று அவசியம். என்விஎம்இ வகையாக இருந்தால் நல்லது. போர்டிலேயே செருகிவிடலாம், வயர் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. எஸ்எஸ்டி கெட்டுப்போனால் பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். உள்ளே இருப்பதை மீட்பதும் கஷ்டம். ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, வாரம் ஒரு முறை முக்கியமான பைல்களைப் பிரதி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது டிஸ்க்கை மட்டும் கொடுக்காதீர்கள். அதில் உங்கள் பாஸ்புக்கே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத சாமான்

கடைக்காரர் பேச்சில் வராத சாமான் எஸ்எம்பிஎஸ். கண்ணாடிப் பக்கமும் கலர் விளக்கும் உள்ள கேபினெட்டைக் காட்டி, "எஸ்எம்பிஎஸ் இதோடயே ஃப்ரீ" என்பார்கள். அந்த இலவசத்தைத் தவிருங்கள். 230 வோல்ட் மின்சாரம் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். அது கெட்டால் தன்னோடு போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும். நமக்கு வேண்டிய சக்தி மொத்தம் 150 வாட்டைத் தாண்டாது. ஆகவே 400 அல்லது 450 வாட்டில், 80 பிளஸ் முத்திரை உள்ள, தெரிந்த கம்பெனி எஸ்எம்பிஎஸ் போதும். பெட்டியில் 600 என்று அச்சடித்த, கையில் எடுத்தால் கனமே இல்லாத சாமான் வேண்டாம்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கரண்ட் போனவுடன் யுபிஎஸ் கைமாறச் சில மில்லி செகண்ட் ஆகும். நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ளே உள்ள கண்டென்சர் பலத்தில் சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். மட்டமானது தாங்காது. "யுபிஎஸ் வாங்கியும் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணைகிறதே" என்று வருகிற புகாருக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் ஸ்விட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யுபிஎஸ் 600 விஏ போதும். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 80 வாட் எடுத்தால் காகிதத்தில் ஒரு மணி வரும். நடைமுறையில் கால் மணி, இருபது நிமிஷம்தான். வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பாட்டரி முழுசாகக் கொடுக்காது. வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும். பிரிண்டரை, முக்கியமாக லேசர் பிரிண்டரை, யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று சில மாமிகள் சொல்வதுண்டு. அது கம்ப்யூட்டரின் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கண்டென்சர்கள் வழியாக வரும் சொற்பக் கசிவு, எர்த் வயர் வழியாகப் போக வேண்டும். பிளக்கில் எர்த் சரியில்லாவிட்டால் பெட்டியின் உலோகம் சுமார் 115 வோல்ட் அளவுக்கு மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்றாலும் அது ஒரு தகவல்: உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸே பழுதாகியிருந்தால் ஆபத்தும் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த எர்த்தை நம்பித்தான் கீஸரும் வாஷிங் மிஷினும் ஓடுகின்றன. மூன்று பின் பிளக்கில் ஒரு பின்னை ஒடித்து மாட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கண்ணும் கழுத்தும்

கிராபிக்ஸ் கார்டில் மிச்சமான பணத்தை மானிட்டரில் போடுங்கள். பிராசஸர் மாறும், போர்டு மாறும். நல்ல மானிட்டர் இரண்டு கம்ப்யூட்டருக்கு உழைக்கும். ஐபிஎஸ் பேனல் வாங்கினால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் நிறம் மாறாமல் தெரியும். 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள 24 அங்குல மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதே புள்ளிகள் 27 அங்குலத்தில் சுமார் 82. இளைஞர்கள் பின்னதைச் சொரசொரப்பு என்பார்கள். நம் வயதுக்கு அதே எழுத்து பெரிதாகத் தெரிவது லாபம். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். ஸ்டாண்டு உயராவிட்டால் அடியில் இரண்டு பழைய பைண்டு வால்யூம் வையுங்கள். நாள் முழுவதும் லாப்டாப்பைக் குனிந்து பார்த்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்.

டெஸ்க்டாப்பில் காமிராவும் மைக்கும் தனியாக வாங்க வேண்டும். மலிவு போர்டுகளில் வைஃபை இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் கோடையில் 45 டிகிரி சாதாரணம். ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், மேஜை அலமாரிக்குள் அடைக்காமல் காற்றுக்கு இடம் விடுங்கள்.

பட்ஜெட் மிகக் குறைவானால், ஆபீஸ்களிலிருந்து வெளியேறும் பழைய பிராண்டட் மிஷின் தப்பில்லை. எட்டாம் தலைமுறை ஐ5-8500 போன்றது, 2018 அல்லது அதற்குப் பிறகு வந்தது, புது எஸ்எஸ்டி, எழுத்தில் வாரண்டி என்று கேளுங்கள். ஆனால் பல பிராண்டட் மிஷின்களில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். கெட்டால் வெளியில் சுலபமாகக் கிடைக்காது.

திருட்டு விண்டோஸும் கச்சா பில்லும்

"விண்டோஸ் நான் போட்டுத் தருகிறேன், பைசா வேண்டாம்" என்றால் அநேகமாக அது லைசென்ஸ் இல்லாத பிரதி. பூட்டை உடைத்துப் போட்ட சாப்ட்வேருக்குள் இன்னும் என்ன வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்த மிஷினில் வங்கி பாஸ்வேர்டை அடிக்கலாமா? லைசென்ஸுக்குப் பணம் கொடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடுங்கள். இரண்டும் இலவசம், சட்டபூர்வமானவை. வருமான வரி, வங்கி எல்லாம் பிரௌசரிலேயே நடக்கும். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது.

அடுத்தது பில். "பில் இல்லாமல் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்று ஆசை காட்டுவார்கள். கச்சா பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்க முடியாது. இன்டெல், ஏஎம்டியின் பெட்டிப் பிராசஸருக்குப் பொதுவாக மூன்று வருஷம், எஸ்எஸ்டிக்கு மூன்று முதல் ஐந்து வருஷம் வாரண்டி உண்டு. ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் பில்லில் வர வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக, முறை

வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எட்டு வரி எழுதுங்கள்: பிராசஸர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர், யுபிஎஸ். ஒவ்வொன்றுக்கும் மாடல் எண் வரை இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து மூன்று கடையில் கொடுங்கள். டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு, கொல்கத்தாவில் சாந்தினி, எந்த ஊரானாலும் முறை ஒன்றுதான். வீட்டுக்கு வந்து மூன்று விலையையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். நாங்கள் ஆபீஸில் கம்பேரடிவ் ஸ்டேட்மென்ட் என்போம். "அது ஸ்டாக் இல்லை, அதைவிட நல்லது தருகிறேன்" என்றால், அதன் மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். அன்றே முடிவு செய்ய எந்தச் சட்டமும் இல்லை.

நான் ரூபாய்க் கணக்கு சொல்லவில்லை என்று சிலருக்குக் குறை இருக்கலாம். நான் இன்று சொல்லும் விலை, பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

"பையன் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மில் பலர் தள்ளிப்போடுகிறோம். பையன் வர ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை பாதுகாப்பு இல்லாத மிஷினில்தான் பென்ஷன் கணக்கைத் திறந்துகொண்டிருப்போம். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு, எட்டு வரியைப் படித்துப் பார்த்து வாங்கவும் முடியும். தாளை எழுதிக்கொண்டு வாருங்கள். சரிபார்த்துத் தர நான் தயார்.