பத்துக் காசுக் கதையும் விட்டுப்போன செய்தியும்

குடும்ப விசேஷங்களில் மூத்தவர் ஒருவர் “அந்தக் காலத்தில் பத்துக் காசுக்கு…” என்று தொடங்கினால் போதும், சுற்றியிருக்கும் இளையவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொள்வார்கள். இரு தரப்பிலும் குற்றமில்லை. பெரியவர் சொல்லும் விலை உண்மையான விலைதான். ஆனால், விலையைச் சொல்லிக் கூலியைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கணக்கு. 1950-களின் நடுவில் பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்கள் எவ்வளவு சம்பாதித்தார்கள், எதில் மகிழ்ந்தார்கள், எந்தச் செய்தியைக் கேட்டார்கள், எதைக் கேட்கத் தவறினார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியின் விளைவு சில வீடுகளை இன்னும் விட்டபாடில்லை.

முதலில் காசைப் பார்ப்போம். 1953-இல் இளம் எலிசபெத் அரசியாரின் படம் போட்ட புதிய வெள்ளி நோட்டுகள் புழக்கத்திற்கு வந்தன. ஒரு காசு நாணயம் சதுரமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது அரசு நிர்ணயித்த மதிப்பு. இந்திய ரூபாயோ 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆகவே இங்கிருந்து 100 வெள்ளி அனுப்பினால் ஊரில் சுமார் 155 ரூபாய் கிடைக்கும். கடல் கடந்து வந்தவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஊருக்குப் பணம் அனுப்பியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பாசம் மட்டுமே காரணம் என்று சொல்வது அவர்களின் கணக்கறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

பால்மரம் வெட்டியவரின் நாள் கூலி இரண்டு, மூன்று வெள்ளி என்ற அளவில்தான் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். உளியும் வாளியுமாக நிரைக்குப் போக வேண்டும். மங்கில் வடிந்த பாலைக் காண்டாவில் சுமந்துவந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் கூலியும் நிற்கும். 1952 முதல் அந்தக் கூலியில் நூற்றுக்கு 5 காசு சேமநிதிக்குப் போனது. முதலாளியும் 5 காசு போட்டார். அன்று அதை வீண் பிடித்தம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முதுமையில் அவர்கள் கையில் மிஞ்சிய ஒரே சேமிப்பு அதுவாகவே இருந்தது என்பது வேறு கதை.

கூலி ஒரே அளவில் நிற்கவுமில்லை. ரப்பர் விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாடு அப்போது இருந்தது. கொரியப் போரின் புண்ணியத்தில் 1951-இல் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை ஒன்றரை வெள்ளியைத் தாண்டியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் 70 காசுக்கும் கீழே விழுந்தது. 1954-லும் அதே நிலைதான். 1955-இல் மறுபடியும் ஒரு வெள்ளிக்கு மேல் எழுந்தது. அரிசிக் கடைக்காரரோ ரப்பர் இறங்கியது என்பதற்காக விலையை இறக்கவில்லை. லயத்து வீட்டுப் பெண்களுக்குப் பற்று நோட்டு ஒரு பக்கம், ரப்பர் விலை ஒரு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் கூட ரப்பர் விலையை விரல் நுனியில் வைத்திருந்ததில் வியப்பில்லை.

அந்த விலை பேராக்கில் தீர்மானிக்கப்படவில்லை. 1955-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 80 லட்சம் கார்கள் தயாராயின. ஒவ்வொரு காருக்கும் டயர் வேண்டும். அங்கே கார் விற்றால் இங்கே லயத்தில் கறி வேகும். ஆனால் அதே அமெரிக்கா, போர்க்காலத்தில் தானே கட்டிய செயற்கை ரப்பர் ஆலைகளை அதே 1955-இல் தனியார் நிறுவனங்களுக்கு விற்றது. அந்நாட்டின் ரப்பர் பயன்பாட்டில் பாதிக்கு மேல் அப்போதே செயற்கை ரப்பர்தான். பால்மரத்தின் எதிர்காலத்தைப் பற்றிய பெரிய செய்தி அது. சுங்கை சிப்புட் லயங்களில் அது பேசப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. 1955-இல் அமெரிக்கச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். மலாயா பணத்தில் சுமார் 2 வெள்ளி 30 காசு. அதாவது, அமெரிக்கத் தொழிற்சாலையில் கடைநிலை ஊழியர் ஒரு மணி நேரத்தில் பெற்றது, இங்கே ஏறத்தாழ ஒரு நாள் வெட்டுக்கூலி. அந்த ஆண்டு ஏப்ரலில் சிகாகோ அருகே ரே கிராக் திறந்த மெக்டொனால்ட்ஸ் கடையில் ஒரு ஹாம்பர்கர் 15 சென்ட். அவருக்கு அது 12 நிமிட உழைப்பு. அதே 46 காசைச் சம்பாதிக்க இங்கே நாள் கூலியில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு போக வேண்டும். இதைக் கேட்டு அமெரிக்காவைச் சொர்க்கமாக எண்ணிவிடவும் வேண்டாம். அங்கேயும் பண்ணைத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டம் அப்போது பொருந்தவில்லை. 1966-இல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வந்தது. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானதும் அந்த 1955 டிசம்பரில்தான். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவனை எந்த நாட்டுச் சட்டமும் கடைசியாகத்தான் நினைத்துப் பார்க்கிறது.

கையில் காசு இருந்தாலும் நினைத்தபடி அரிசி வாங்க முடியாத காலம் அது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டோரக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களாகின. தோட்ட லயங்கள் பல ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. டின்னில் அடைத்த உணவை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்ற விதி இருந்தது. சேர்த்து வைத்தால் கெட்டுப்போகும் அல்லவா? வாசலில் சோதனை. வேலைக்குப் போகிறவர் ஒரு பிடிச் சோற்றைக் கூட வெளியே கொண்டுபோக முடியாத இடங்கள் இருந்தன. வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவரிடம் போய் அரிசி அன்று மலிவு என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

இத்தனைக்கும் நடுவில் கொண்டாட்டம் இருந்தது. அதுதான் அந்தத் தலைமுறையின் அதிசயம். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, தீமிதி, கூத்து, இளைஞர்கள் போட்ட நாடகம், மாலையில் திடலில் பந்து. தைப்பூசத்திற்கு ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயில். தகவல் இலாகாவின் படவண்டி வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டினால் துணிக்கு இரு பக்கமும் கூட்டம். அரசாங்கப் பிரச்சாரப் படம்தான். ஆனாலும் படம் படம்தானே! சம்பளம் போட்டதும் பட்டணத்துக் கொட்டகை. 1954-இல் ‘மனோகரா’, ‘மலைக்கள்ளன்’, ‘ரத்தக்கண்ணீர்’. 1955-இல் ‘குலேபகாவலி’, ‘மிஸ்ஸியம்மா’. 1956-இல் வண்ணத்தில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. கப்பலில் வந்து சேரச் சற்றுத் தாமதமானாலும் வசனங்கள் தோட்டம் முழுக்க மனப்பாடம். ஈப்போவில் ஜூபிலி பார்க் கேளிக்கைப் பூங்காவின் விளக்குகள் தனிக் கவர்ச்சி. பி. ரம்லி இயக்கிய முதல் படமான ‘பெனாரிக் பேச்சா’ வந்ததும் 1955-இல்தான். கள்ளுக்கடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாள் கூலியில் பெரிய பங்கை விழுங்கியதும், பெண்களின் கண்ணீருக்குக் காரணமானதும் அதுவே. அதைக் கேளிக்கைப் பட்டியலில் சேர்ப்பதா, செலவுப் பட்டியலில் சேர்ப்பதா என்பது அவரவர் வீட்டு அனுபவம்.

தொலைக்காட்சி இந்நாட்டுக்கு 1963 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் வானொலிதான். ரேடியோ மலாயாவின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்க, பொதுவில் வைத்த ஒரு பெட்டியைச் சுற்றி லயமே கூடும். பத்திரிகை என்றால் ‘தமிழ் நேசன்’, ‘தமிழ் முரசு’. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ‘சங்கமணி’. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். 1954 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்த செய்தி, 1955 டிசம்பர் பாலிங் பேச்சுவார்த்தை, அதில் சித்தியவானில் பிறந்த சின் பெங் காட்டைவிட்டு வெளியே வந்து துங்குவைச் சந்தித்தது, 1956 பிப்ரவரியில் துங்கு லண்டனிலிருந்து சுதந்திரத் தேதியோடு திரும்பியது என்று பேசுவதற்குப் பஞ்சமில்லை.

1955 ஜூலை 27-இல் நடந்த பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. தப்பிய ஒன்றும் பேராக்கின் கிரியான்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் வடக்கு கிந்தாவில் வென்று தொழில் அமைச்சரானார். தோட்டங்களில் பெருமகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. மக்கள்தொகையில் இந்தியர் 11 விழுக்காட்டுக்கு மேல். வாக்காளர் பட்டியலில் 5 விழுக்காட்டுக்கும் கீழ். சம்பந்தனின் வெற்றிக்குக் கைதட்டிய பலருக்கு வாக்குரிமை இல்லை, ஏனெனில் அவர்கள் குடிமக்கள் அல்லர்.

1957 ஆகஸ்ட் 31-இல் அந்தக் கதவு திறந்தது. அன்று முதல் இங்கே பிறக்கும் குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்கள். முன்பே இங்கு பிறந்து, முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் வசித்தவர்கள் மனுச் செய்து பெறலாம். முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் அவர்களுக்கு மலாய் மொழித் தேர்வு கிடையாது. சங்கத்தாரும் ம.இ.கா.வினரும் பல தோட்டங்களுக்குப் போய் மனுக்களை நிரப்பிக் கொடுத்தார்கள். பலர் பெற்றார்கள். பெறாதவர்களும் கணிசமாக இருந்தார்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று சிலர். பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே என்று சிலர். பிறப்புப் பத்திரம் இல்லாதவர் சிலர். 1948-லேயே 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்திருந்தார்களே, அது போதாதா என்று நினைத்தவர்களும் உண்டு. அந்த அட்டை ஆளை அடையாளம் காட்டியது. அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைச் சொல்லவில்லை. இதைப் புரியும்படி எடுத்துச் சொல்ல எல்லா லயங்களிலும் ஆள் இல்லை.

பிறகு நடந்தது ஏட்டில் உள்ளது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார்கள். அதற்குள் பேராக் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. 2011-இல் அரசு ‘மைடஃப்தார்’ என்ற பதிவு இயக்கத்தை நடத்தியபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்தவர்களும் முகப்பில் வரிசை பிடித்தார்கள்.

1957-இல் 18 வயதானவருக்கு இன்று 85 வயதைக் கடந்திருக்கும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அரிசி விலையைத் தாராளமாகக் கேளுங்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அன்றைக்கு மனுவை நிரப்பிக் கொடுத்தது யார்? கூலியை விட்டுவிட்டு அதற்காகப் பட்டணம் போன நாளில் அவரோடு வராமல் லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் யார் யார்?