மருந்துக்குக் கேட்கும் உடல்



'நோய் மருந்துக்குக் கேட்கவில்லை' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆய்வாளர்கள் நீட்டி எழுதுவதை இவ்வழக்கு ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடுகிறது. ஒரே மருந்துக்கு ஒருவர் நோய் கேட்பதும் மற்றொருவர் நோய் கேளாதிருப்பதும் ஏன் என்பதே இன்று நாம் பேசவிருக்கும் பொருள்.

முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். இது முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு அன்று. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது. இதற்கு முதன்மையாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை உட்கொள்வர். சில மாதங்களில் சிலருக்கு வீக்கம் வடிகிறது, சிலருக்கு வடிவதில்லை. இம்மருந்து ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தின் செயற்பாட்டில் குறுக்கிடுவது. ஆதலால், அதனோடு தொடர்புடைய எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் மாறுபாடுகளைப் பல நாட்டினர் ஆராய்ந்தனர். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. மருந்து பயன்தருமா என்பதை மரபணுச் சோதனையால் உறுதியாக முன்னுரைக்க இன்றும் இயலாது. விளம்பரங்கள் வேறு கூறினும் உண்மை நிலை இதுவே.

தீங்கு நேருமா என்பதைச் சில மருந்துகளில் அறிய முடிகிறது. முடக்குவாதத்திற்குச் சிலவேளை தரப்படும் அசதயோபிரின் அவற்றுள் ஒன்று. அதன் விளைபொருள்கள் உடலில் அளவுமீறித் தேங்கினால், எலும்பு மஜ்ஜை தளர்ந்து வெள்ளணுக்கள் சரியும். அவற்றைத் தேங்கவிடாமல் காக்கும் டிபிஎம்டி என்னும் நொதி ஆளுக்கு ஆள் மரபால் வேறுபடுவது 1980இல் அமெரிக்காவில் தெரியவந்தது. சோதனையும் வந்தது. ஆனால், அச்சோதனையில் குறை காணப்படாத ஆசியர் பலருக்கும் வெள்ளணுக்கள் சரிந்தன. காரணம் வேறோரிடத்தில் இருந்தது. 2014இல் கொரியாவின் குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்தபோதே என்யூடிடி15 என்னும் மரபணு வெளிப்பட்டது. அதன் மாறுபாடு கிழக்காசியரிடையே மிகுதி; தெற்காசியரிடமும் உண்டு; ஐரோப்பியரிடம் அரிது. யாரை ஆராய்ந்தார்களோ அவர்களுக்குரிய விடையே முதலில் கிடைத்தது!

சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கூடிவாழும் நாட்டில் இது சிறு செய்தி அன்று. ஆய்வில் சேர இசைவு கேட்கும் படிவம் நம் பாட்டியின் கைக்கு வரும்போது, 'மரபணு' என்னும் சொல்லைக் கண்டு அவர் அஞ்சக்கூடும். குலத்தின் குறையைத் தேடுகிறார்கள் என்று எண்ணக்கூடும். அருகிலிருந்து விளக்க வேண்டியவர் தமிழ் பயின்ற பேரப்பிள்ளையே. சோதனையில் மாறுபாடு தெரிந்தால் மருத்துவர் அம்மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார் என்பதை அவர் பாட்டிக்குச் சொல்லலாம்.