ஒத்ததும் ஒவ்வாததும்

ஆணையும் பெண்ணையும் காதலிலே சேர்த்து வைப்பது ஒற்றுமையா, வேற்றுமையா? பழைய கேள்விதான். புளியந்தீவிலே வாழ்பவன் என்ற முறையில், இதை எங்கள் மட்டக்களப்பு வழமையிலிருந்து நோக்க விரும்புகிறேன்.

இங்கே கலியாணப் பேச்செடுத்தால் குடி விசாரிப்பார்கள். குடி தாய்வழி வருவது. ஒரே குடியிற் பிறந்தோர் உடன்பிறப்பு முறையினர், மணம் முடிக்கலாகாது. அயலிலுள்ள முஸ்லிம் மக்களிடமும் தாய்வழிக் குடிமரபு உண்டு. வேறு குடியில்தான் பெண் கொள்ளவேண்டும். ஆனால் அந்த வேறு குடிக்காரி யார்? அம்மாவின் தம்பி மகள், மச்சாள்! குடியால் வேறு, உறவால் சொந்தம். வேற்றுமையையும் ஒற்றுமையையும் எங்கள் முன்னோர் ஒரே முடிச்சிலே போட்டுவிட்டார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே தலைவன் தலைவியர்க்குப் பத்துப் பொருத்தம் கூறுகிறார். பிறப்பு, வயது, வடிவம், செல்வம் என்பவற்றோடு அருளும் உணர்வும் அங்கே உண்டு. நாளும் கோளும் அந்தப் பட்டியலில் இல்லை. குறுந்தொகையின் 40ஆம் பாடலைத் தந்த செம்புலப்பெயனீராரோ, எந்த உறவுமில்லாத இருவரின் நெஞ்சங்கள் கலந்த விந்தையைப் பாடுகிறார்.

மேல்நாட்டாரும் இதிலே முரண்பட்டனர். 1950களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபேட் வின்ச், ஒருவரின் தேவையை மற்றவரின் மாறுபட்ட இயல்பு நிரப்புகிறது என்றார். 1960களில் உளவியலாளர் டொன் பேர்ண், கருத்தொற்றுமையே ஈர்ப்பைத் தருகிறது என்று காட்டினார். 2023இல் வெளியான பெரும் ஆய்வொன்று, பழைய ஆய்வுகளைத் தொகுத்ததோடு, பிரித்தானிய இணையர்களிடம் 133 பண்புகளையும் ஒப்புநோக்கியது. பெரும்பாலானவற்றில் இணையர் ஒத்தே இருந்தனர். கல்வி, சமயம், அரசியல் நோக்கு ஆகியவற்றில் ஒற்றுமை வலுவானது. கலகலப்பு, கூச்சம் போன்ற சுபாவங்களில் மிக மெலிது.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, இனம் இனத்தோடுதான்" என்று சொல்லப் பெற்றோர் சிலர் முந்துவர். எனக்கு அது உடன்பாடன்று. காணாத ஒருவரை நேசிப்பது எவ்வாறு? எங்கள் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வேலிக்கு வேலி கிடக்கின்றன. பிள்ளைகள் படிப்பதோ பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில். 2009 வரை நீடித்த யுத்தம் அந்த வேலிகளை மேலும் உயர்த்தியது. ஒத்தவர்கள் ஒன்றுசேர்வதிலே மனத்தின் தெரிவு எவ்வளவு, சந்திக்கவிடாத வேலியின் வேலை எவ்வளவு என்று கேட்கவேண்டாமா? வேலி தாண்டி விரும்பிவிட்ட பிள்ளைகளை "ஒத்துவராது" என்ற ஒற்றைச் சொல்லால் பிரிக்குமுன், எது ஒத்துவராது என்றாவது சொல்லுங்கள். அவர்களுடைய மனமா, எங்களுடைய மானமா?

இந்த இடத்திலே எங்கள் வழமையில் ஒரு பாடம் உண்டு. இங்கே வீடு பெண்ணுக்கு. மணம் முடித்து வேறு வீட்டுக்குப் போகிறவன் மாப்பிள்ளை. அந்த வீட்டுக் கறியின் உறைப்பும், மாமியின் பேச்சும், படுக்கிற நேரமும் அவனுக்குப் புதியவை. நானும் அப்படிப் போனவன்தான். நான் வாய் திறக்காதவன். அவள் படலையடியிலே நின்று ஊரோடு கதைப்பவள். இந்தச் சுபாவ வேற்றுமை எங்களைப் பிரிக்கவில்லை. உழைத்த காசை எதற்குச் செலவழிப்பது, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பவற்றில் எங்கள் எண்ணம் ஒன்றாயிருந்தது.

ஆகவே நேயர்களே, பொருத்தம் பார்ப்பதானால் அதைப் பாருங்கள். குணம் வேறாயிருக்கலாம், எது நியாயம் என்பதில் இருவரும் ஒத்திருந்தாற் போதும். அதை அறியச் சாதகக் குறிப்பு உதவாது. பிள்ளைகள் இருவரையும் இருத்தி வைத்துக் கதைக்கவிட வேண்டும்.