கடற்பசுவைக் கண்டோமா?

(பட்டுக்கோட்டையில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



இன்று நாம் "கடற்பசுவைக் கண்ட கதை"யைச் சொல்லப்போவதாக நோட்டீசில் போட்டுவிட்டார்கள். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாம் கடற்பசுவைக் காணவில்லை. ஒரு பகல் முழுவதும் கடலில் இருந்தோம், வெயிலில் காய்ந்தோம், வாந்தியும் எடுத்தோம், அதன் மூக்கு நுனியைக்கூடக் காணவில்லை. காணாததற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். அந்தக் காணாத சங்கதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

இலங்கையில் மிரிசாவிலும் திருகோணமலையிலும் ஜனங்கள் படகேறிப் போய்த் திமிங்கலம் பார்க்கிறார்கள். நம் ஜில்லாக் கடலோ ஆழமில்லாதது. ஆனால், திமிங்கலத்தைப் போலவே நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி ஒன்று இங்கும் உண்டு. அதுதான் கடற்பசு, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022ஆம் வருஷம் செப்டம்பர் 21ந் தேதி, தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதன் பாதுகாப்புக்கென்று சர்க்கார் ஒதுக்கிற்று. இந்தியாவில் இதுவே முதலாவது.

ஆராய்ச்சிக்காரர் சிலரோடு மல்லிப்பட்டினம் பக்கத்தில் படகேறினோம். கரையில் மனோரா நின்றது. வெள்ளைக்காரன் நெப்போலியனை ஜெயித்ததைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கட்டடம் அது. யாரோ யாரையோ ஜெயித்ததற்கு நம்மூரில் எட்டடுக்கு! அதன் காலடிக் கடலில் மேய்கிற பிராணிக்கு இடம் ஒதுக்க இன்னும் இருநூறு வருஷம் சென்றது.

தெளிந்த தண்ணீருக்கடியில் புல்வெளி தெரிந்தது. அது பாசியல்ல, வேரும் பூவும் விதையும் உள்ள செடி. நடுவில் வரப்புப்போல நீளமாய் ஒரு தடம். கடற்பசு மேய்ந்த தடம் என்றார்கள். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னுமாம். மூச்சு விடச் சில நிமிஷத்துக்கொருமுறை மேலே வந்தாக வேண்டும். ஆகவே காத்திருந்தோம். உச்சிவேளை போயிற்று, பொழுதும் சாய்ந்தது, ஒன்றும் வரவில்லை.

நாம் ஆராய்ச்சிக்காரத் தம்பியிடம், "ஒன்று கண்டதாக எழுதிக்கொள்ளேனப்பா, யார் வந்து கேட்கப்போகிறார்கள்?" என்றோம். அவர் சிரித்து, "ஐயா, காணாத நாளைக் கண்டதாக எழுதினால், அது குறைந்துபோவதே நமக்குத் தெரியாமல் போகும்" என்று சொல்லி, இடத்தையும் நேரத்தையும் குறித்து, எதிரே பூஜ்யம் போட்டார்.

தோழர்களே, நமக்குச் செவிட்டில் அறைந்தாற்போலிருந்தது. ஊரூராய்ப் போய்க் கண்ணால் காணாததை நம்பாதே என்று பேசுகிற நாம், நமது மேடைக்கு ருசி வேண்டி ஒரு பொய்யை எழுதச் சொன்னோமே! புராணக்காரனுக்கும் நமக்கும் அந்த நிமிஷத்தில் என்ன பேதம்?

படகோட்டிய பெரியவர் சொன்னார்: "அந்தக் காலத்தில் இதன் கறி வியாதிக்கு மருந்தென்று கொன்று தின்றார்கள், தம்பி. தின்றவர்களுக்கும் வியாதி வந்துகொண்டுதானிருந்தது. இப்போது வலையில் விழுந்தால் வலையை அறுத்து விட்டுவிடுகிறோம்." வலை அவருடைய வயிறு என்பதை நினைவில் வையுங்கள். அறுத்தவருக்கு ஈடு கொடுப்பது பிச்சையல்ல, நியாயம்.

இந்தியாவில் மிஞ்சியிருப்பது சுமார் 240 என்று சர்க்கார் கணக்கு. ஒரு தாய் மூன்று முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒன்று செத்தால் ஈடு செய்வது லேசல்ல. புல் அழிந்தாலோ அத்தனையும் போச்சு. அதில் ஒதுங்கி வளரும் மீன் குஞ்சும் இறாலும் போச்சு. புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். அடித்தரையைச் சுரண்டும் இழுவலையும் கலங்கல் தண்ணீரும் அதைக் கொல்லும். நெல் விளைக்கும் தோழர்களே, நம் வயலில் தெளிக்கிற மருந்தும் வடிகால் வழியாய்க் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. குற்றம் மீனவன் தலையில் மட்டுமில்லை.

பசு என்று பெயரிருப்பதால் யாரும் மஞ்சள் குங்குமத்தோடு கிளம்பிவிடாதீர்கள். அது கும்பிடு கேட்கவில்லை, புல் கேட்கிறது.

இனி எவராவது கண்டேன் என்றால், எங்கே, எப்போது, எத்தனை என்று கேளுங்கள். இந்த மேடையில் நிற்கிற நம்மையும் அப்படியே கேளுங்கள்.