நந்தா விளக்கும் மழலையர் பள்ளியும்

 

துறவியர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லே கல்விச்சாலைக்கும் பெயராயிற்று. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் கல்விக்கொடையையும் ஒன்றாக வைத்தது சமணம். அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. மாவட்டத்தின் கிழக்கே அத்தலம். மேற்கே கல்வராயன் மலை. இவ்விரண்டிற்கும் இடையே வளரும் மழலையரின் கல்விக்குப் பொருள் தருவோர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் கட்டணம் இல்லை. உணவும் முன்பருவக் கல்வியும் அங்கே கிடைக்கின்றன. ஆயினும் எழுத்தும் ஆங்கிலமும் விரைவில் வர வேண்டும் என விழையும் பெற்றோர் கட்டணப் பள்ளிகளை நாடுகின்றனர். கூலி வேலை செய்யும் பெற்றோர்க்கு அவ்வாயில் திறப்பதில்லை.

அவ்வாயிலைச் சிறிதேனும் திறக்க முயன்றது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்க வேண்டும் என்றும், அவர்க்குரிய கட்டணத்தை அரசு ஈடுசெய்யும் என்றும் அது விதித்தது. 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, சிறுபான்மைத் தகுதியுடன் சமண அறக்கட்டளை நடத்தும் மழலையர் பள்ளியை, ஏழைக் குழந்தையைச் சேர்த்துக்கொள் எனச் சட்டம் வற்புறுத்தாது. சட்டம் விலக்களித்தது; நால்வகைத் தானம் விலக்களிக்கவில்லை. உரிமை பெற்ற சமுதாயம் அதனை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதிலேதான் அதன் பெருமை அடங்கியுள்ளது.

இனி, கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 30 குழந்தைகள் பயிலும் பள்ளி ஒன்றிற்கு ஆசிரியை, உதவியாளர் ஊதியம், பால், சிற்றுண்டி, வாடகை ஆகியவற்றுக்கு மாதம் 30,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். தலைக்கு 1,000 ரூபாய் வரும். பத்துக் குழந்தைகள் முழுக்கட்டணமும், பத்துக் குழந்தைகள் பாதியும் செலுத்த, எஞ்சிய பதின்மர் கட்டணமின்றிப் பயின்றால், மாதம் 15,000 ரூபாய் குறையும். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அறுபது குடும்பங்கள் மாதம் 250 ரூபாய் அளித்தால் அக்குறை நீங்கும். அன்றி, 30 லட்சம் ரூபாயை வைப்பு நிதியாக்கி, ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி பெற்றாலும் நீங்கும்.

கட்டடத்திற்குக் கொடையாளர் கிடைப்பர். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும். ஆசிரியையின் மாத ஊதியத்திற்குக் கொடையாளர் அரியர். கட்டடம் நின்று, ஊதியம் நின்றுவிட்டால், பள்ளி பூட்டப்படும். முன்னோர் இதனை அறிந்திருந்தனர். சோழர் காலத்தில் நந்தா விளக்கெரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். இறப்பனவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப, முதல் குறையாது. நெய் மட்டுமே விளக்கிற்குச் செல்லும். வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில், கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணவியரையும் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றதை முதலாம் ஆதித்தன் காலக் கல்வெட்டு கூறுகிறது. ஆசிரியைக்கு ஊரே பொறுப்பேற்ற இம்மரபு சமணர்க்குப் புதியதன்று.

மலைமேல் வேறொரு வழி வேண்டும். கல்வராயன் மலையில் ஜாகிர்தார் முறை 1976இல்தான் முடிவுற்றது. கல்வி அங்கே காலந்தாழ்ந்தே சென்றது. பெற்றோர் பிழைப்பிற்காகப் பல திங்கள் வெளியூர் செல்லும் குடும்பங்கள் அங்கு உள்ளன. அத்தகைய இடத்தில் சிறு கட்டணமும் பெருந்தடையே. மலைவாழ் பகுதியில் 150 பேர் உள்ள குடியிருப்புக்கும் குறு அங்கன்வாடி அமைக்க விதி இடந்தருகிறது. ஆதலின் அங்கே போட்டிப் பள்ளி தொடங்குவதைவிட, உரிய ஒப்புதலுடன் இருக்கும் அங்கன்வாடிக்குப் பாய், விளையாட்டுப் பொருள், படநூல், குடிநீர் வசதி ஆகியவற்றை ஆண்டுதோறும் அளிப்பதே நல்லறமாகும்.

திருவிழாவில் ஏற்றும் விளக்கு இரவோடு அணையும். வைப்பு நிதியால் எரியும் கல்வி விளக்கு தலைமுறைதோறும் நிற்கும். இவ்வாண்டின் கொடையுள் ஒரு பங்கு, பெயர் பொறிக்கப்படாத அவ்விளக்கிற்குச் செல்வதாகுக!

வாழ்க அறம்! வளர்க கல்வி!