தொழில் நிறுவனத்திலிருந்து தலைமைச் செயலகத்துக்கு

(காணிப்பாக்கத்தில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



இவ்வூர் விநாயகர் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். ஊர் வழக்குகள் பல இச்சந்நிதியில் தீர்ந்துள்ளன. அருகே ஓடும் பாகுதா நதிக்கும் ஒரு கதை உண்டு. பிறர் தோட்டத்து மாங்கனியைக் கேளாமல் பறித்த லிகிதரின் கைகளை அரசன் வெட்டுவித்தான். இந்நதியில் மூழ்கியதும் அவை மீண்டன. தமையன் சங்கரோடு நெருங்கிய உறவு இருந்தும், அனுமதியின்றி எடுத்தது குற்றமே ஆயிற்று. நான் பேசவிருக்கும் பொருளுக்கு இக்கதை மிக அண்மையானது.

தொழில் நிர்வாகிகள் அரசின் உயர்பதவிக்கு வருவது நம் நாட்டில் புதிதன்று. இந்துஸ்தான் லீவர் நிறுவனத் தலைவராயிருந்த பிரகாஷ் டாண்டன் 1968-இல் அரசு வணிகக் கழகத்தின் தலைவரானார். ஆயினும் கழகத் தலைமை வேறு, அமைச்சகச் செயலாளர் பதவி வேறு. முன்னவர் ஒரு நிறுவனத்தை நடத்துகிறார். பின்னவர் எல்லா நிறுவனங்களுக்கும் விதி வகுக்கத் துணை நிற்கிறார்.

ஆர்.வி. ஷாஹியின் நியமனத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தேசிய அனல் மின் கழகத்தில் பணியாற்றி, 1994 முதல் மும்பையில் மின் விநியோகம் செய்துவந்த பி.எஸ்.இ.எஸ். நிறுவனத்தை நடத்திய பொறியாளர் அவர். இந்திய ஆட்சிப் பணியினர் வழக்கமாக அமரும் மத்திய மின்துறைச் செயலாளர் பதவிக்கு 2002-இல் வந்தார். நம் மின்துறையின் நோய் உற்பத்தியில் மட்டுமன்று, விநியோகத்திலும் உள்ளது. கம்பிகளில் இழப்பாகும் மின்சாரம், அளக்கப்படாத இணைப்பு, வசூலாகாத கட்டணம் ஆகியவற்றை நுகர்வோரின் வாசலில் நின்று கண்ட ஒருவர் கோப்பை எழுதினால் அதன் தரமே வேறு. அவர் காலத்தில் வந்த 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 1910, 1948, 1998-ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தைப் பிடித்தது. அனல் மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றது.

அதே 2002-இல் தில்லியின் மூன்று விநியோக வட்டங்களுள் இரண்டு பி.எஸ்.இ.எஸ். வசமாயின. அது தில்லி அரசின் முடிவு. ஷாஹியின் மீது ஐயம் எழுப்ப இதைக் கூறவில்லை. ஆனால் மத்தியச் சட்டம் தொடும் துறையில் அவரது பழைய நிறுவனம் நின்றது. எந்த அறிவுக்காக அவர் அழைக்கப்பட்டாரோ, அதுவே கேள்வியையும் உடன் கொண்டுவந்தது.

நம் விதிகளைப் பாருங்கள். ஓய்வுபெறும் உயர் அதிகாரி ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அரசின் முன் அனுமதி பெறவேண்டும். வெளியே செல்பவருக்கு வாயில் உண்டு. அவ்விதிகளில் உள்ளே வருபவருக்கு இணையான காலவரம்பு இல்லை. அமெரிக்காவில் 2009 ஜனவரியில் வந்த அதிபர் ஆணை, நியமனம் பெறுவோர் தம் பழைய முதலாளி தொடர்பான பணிகளில் ஈராண்டு தலையிடலாகாது என்று உறுதிமொழி கேட்டது.

2018-இல் இணைச் செயலாளர் நிலையில் 10 இடங்களுக்கு வெளியாரை அரசு அழைத்தது. 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கான விளம்பரம் இடஒதுக்கீடு குறித்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. எனினும் பழைய நிறுவனம் பற்றிய கேள்வி அவ்விவாதத்தில் பின்தங்கிவிட்டது.

நான் வேண்டுவது நியமன ஆணையில் ஒரு பத்தி. இன்னின்ன நிறுவனங்களின் கோப்புகள் ஈராண்டு இவரிடம் வாரா. அவை வேறொரு செயலாளரிடம் செல்லும் என்று அது சொல்லவேண்டும். பெயர்ப்பட்டியலை வெளியிடவும் வேண்டும். இத்தகைய ஆணைகளை நாளை எழுதப்போகிறவர்கள் உங்களுள் சிலர் இருக்கலாம். அதனால்தான் இதை இங்கே சொன்னேன்.